ஆளறிந்து உரைத்தல்: தமிழகத்தில் பாதிரிமார் கையாண்ட ஒரு நெறி

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பைப் பெரும்பாலோர் ஒரு சாலைச் சந்திப்பாகவும் அணைக்கட்டு ஊராகவுமே அறிவர். இங்கிருந்து மேற்கே சென்றால் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். அதற்கும் அப்பால் கோணான்குப்பம். கிழக்கே ஆற்றோடு சென்றால் அது கடலில் கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலோ, உமறுப்புலவரின் சீறாப்புராணம் நிறைவுறத் துணைநின்ற வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் வாழ்ந்தார். ஒரு தலைமுறை இடைவெளிக்குள், இரு வேறு சமயத்தார் தம் செய்தியைத் தமிழர் மனம் கொள்ளும் வடிவில் சொல்ல முயன்றதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

சீறாப்புராணத்தைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். இக்கட்டுரையில் நாம் நோக்க விரும்புவது மறுதரப்பை. கேட்போர் கூட்டத்தின் இயல்பறிந்து பேசுவது ஒன்று. எதிரே இருக்கும் தனி மனிதர் யார், அவர் எதை அறிவார், எதை ஏற்கத் தயங்குவார் என்று கேட்டறிந்து அவருக்கேற்பப் பேசுவது முற்றிலும் வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குக் கிறித்தவப் பாதிரிமார் நகர்ந்த வரலாறு நம் தமிழகக் கடற்கரையில் தெளிவாகக் காணக் கிடைக்கிறது. அந்த உரையாடல்களில் எதிரே அமர்ந்து பதிலுரைத்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர் என்பதால் அது நமக்கும் உரிய வரலாறே.

இந்நெறி கிறித்தவத்துக்குப் புதியதன்று. போப் முதலாம் கிரிகோரி 590-ஆம் ஆண்டையொட்டி மேய்ப்பர்களின் கடமை குறித்து எழுதிய நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் இதைப் பற்றியதே. ஆண், பெண், இளைஞர், முதியோர், செல்வர், வறியோர், மகிழ்ந்திருப்போர், துயருற்றோர் என்று மக்களை எதிரெதிரே நிறுத்தி, ஒருவருக்கு மருந்தாகும் அறிவுரை மற்றவருக்குத் தீங்காகும் என்று அவர் விளக்கினார். நம் மரபிலும் இது அடிப்படையான ஒன்று. நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்கே சந்திக்கவிருப்போர் வேதம் வழங்கப்பட்ட மக்கள் என்பதையே முதலில் உணர்த்தினார்கள். எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது என்னும் வரிசையை அதன் பின்னரே கற்பித்தார்கள். மக்கள் விளங்கக்கூடியதையே அவர்களிடம் பேச வேண்டும் என்னும் அலீ (ரலி) அவர்களின் கூற்று ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பகுதியில் இடம்பெற்றுள்ளது. மாணவரின் அறிவளவை மீறாதிருத்தலை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வைத்தார்கள். ஆகவே, பாதிரிமார் ஆளறிந்து பேசினர் என்பதற்காக நாம் வியப்பதற்கும் இடமில்லை, சினப்பதற்கும் இடமில்லை. அதை எப்படிச் செய்தனர், அதனால் என்ன விளைந்தது என்பவையே ஆராயத்தக்கவை.

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலியின் கதை பலரும் அறிந்ததே. ‘பறங்கி’ என்ற பெயரே உயர்குலத்தாரிடம் வாசலை அடைத்துவிடுகிறது என்று கண்ட அவர், காவி உடுத்தார், புலால் விலக்கினார், துறவியாக வாழ்ந்தார், வடமொழியும் தமிழும் கற்றார். அவருடைய முறை 1623-இல் போப்பின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் அது குலத்தை அறிந்து பேசிய முறையே அன்றி ஆளை அறிந்து பேசிய முறையன்று. உயர்குலத்தாருக்கு ஒரு வகைத் துறவி போதாதவர்களிடம் செல்ல வேண்டியபோது, 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகையினரை ஏற்படுத்த நேர்ந்தது. இருந்த சுவர்களுக்கு ஏற்பப் பணியாளர்கள் பிரிக்கப்பட்டனர்; சுவர்கள் அப்படியே நின்றன.

வீரமாமுனிவர் (1680-1747) இன்னும் ஓரடி எடுத்து வைத்தார். கோணான்குப்பத்தில் மாதாவின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் உள்ள அம்மனின் பெயரும் அதுவே. இவ்வொற்றுமை தற்செயலானது என்று நாம் கருதவில்லை. அந்த வட்டாரத்து உழவரும் இடையரும் நாவில் பழகி வைத்திருந்த பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். புலவர்களுக்குத் தேம்பாவணி, இலக்கணம் பயில்வோருக்குத் தொன்னூல் விளக்கம், சொற்பொருள் தேடுவோருக்குச் சதுரகராதி, ஊர் ஊராகச் செல்லும் உபதேசியாருக்கு வேதியர் ஒழுக்கம் என்று அவர் எழுதிய நூல்களும் வெவ்வேறு வாசகரை எண்ணிப் பிரிந்தன. தௌஹீதில் ஊன்றிய நமக்கு உருவமும் பெயரும் இப்படிக் கைமாறுவது ஏற்புடையதன்று. ஆயினும் ஒரு வட்டாரத்து மக்களின் சொல்வழக்கை இவ்வளவு நுணுகிக் கவனித்த அயலவர் வேறெவரையும் எளிதில் காட்டிவிட முடியாது. இருந்தும், அவர் முன் இருந்ததும் வட்டாரமே, வகுப்பே. தனி மனிதர் இன்னும் வரவில்லை.

தனி மனிதர் வருவது தரங்கம்பாடியில். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது வயது 23. இவர்களின் பின்புலம் ஹாலே நகரத்துப் பக்திநெறி இயக்கம். ஞானஸ்நானம் பெற்றுவிட்டதால் மட்டும் ஒருவர் கிறித்தவர் ஆகிவிடுவதில்லை, ஒவ்வோர் உள்ளமும் தனித்தனியே போராடி மனம் திரும்ப வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உறுதியான கொள்கை. அரசன் மாறினால் நாடு மாறும், தலைவன் மாறினால் குலம் மாறும் என்னும் பழைய கணக்கு இவர்களுக்கு உதவாது. எனவே ஆளை அறிந்து பேசுவது இவர்களுக்கு வெறும் உத்தியாக இருக்கவில்லை. கொள்கையே அவர்களை அவ்வழியில் செலுத்தியது.

சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். முதிய ஆசிரியர் ஒருவர் தம் பள்ளியையே அவர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு கற்பித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். சைவ, வைணவ, சமண நூல்களாக மட்டும் அதில் 119 இடம்பெற்றுள்ளன. முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கும் அப்பட்டியலில் ஒரு தனிப் பகுதி உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரையில் இஸ்லாமியத் தமிழ்ச் சுவடிகள் ஓர் அயலவர் கைக்கு எட்டும் அளவுக்குப் புழக்கத்தில் இருந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

தரங்கம்பாடியின் எல்லையைத் தாண்டினால் தஞ்சை மன்னரின் ஆட்சி. அங்கே சென்று பேச அவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. தரங்கம்பாடியிலேயே டேனிஷ் தளபதியின் பகைமைக்கு ஆளாகி, 1708-09-இல் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். செல்ல முடியாத இடத்துக்குக் கடிதம் செல்லுமல்லவா? 1712 முதல் 1714 வரை அவரும் அவர் துணைவர் கிருண்ட்லரும் தமிழ் அறிந்தோர் பலருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினர். உலகம் எப்படித் தோன்றியது, உயிர் என்றால் என்ன, திருமணம் எவ்வாறு நடக்கிறது, நோய்க்கு என்ன செய்கிறீர்கள், கிறித்தவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் அவை விரிந்தன. வந்த பதில்களுள் ஏறத்தாழ நூறு, ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, எழுதியவர் பெயரின்றி ஹாலேயில் அச்சாயின. அவற்றுள் பலவற்றை மொழிபெயர்ப்பாளரான அழகப்பனே எழுதியிருத்தல் கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். அப்படியே இருந்தாலும் அது ஒரு தமிழரின் குரலே.

அந்தப் பதில்கள் இனிமையானவை அல்ல. கிறித்தவர்கள் மது அருந்துகின்றனர், பசுவைக் கொல்கின்றனர், உடல் தூய்மை பேணுவதில்லை, இவர்களின் நடத்தையைப் பார்த்த பின் இவர்களின் வேதத்தை எப்படி நம்புவது என்று எழுதினர். கேள்வி கேட்டவர் இவற்றை மறைக்காமல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார் என்பதை அவருக்குரிய பெருமையாகவே சொல்ல வேண்டும். கடிதங்களோடு நேர்ப்பேச்சுகளும் நடந்தன. அவருடைய உரையாடல்களுள் 34, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1719-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் தம் 36-ஆம் வயதில் காலமானார்.

இனி, நம்மைப் பற்றியது. தரங்கம்பாடிப் பாதிரிமார் முஸ்லிம்களோடும் உரையாடினர். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று வடக்கிலும் தெற்கிலும் மரக்காயர் வணிகம் செழித்த கடற்கரை அது. ஈஸா (அலை) அவர்களை நபியாக ஏற்று, இறைமகன் என்பதை மறுத்து, திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பும் ஒருவரிடம், கோயில் கட்டி வழிபடுவோரிடம் சொல்லும் சொற்களை அப்படியே சொல்ல முடியாது. இங்கேதான் அவருடைய நெறி தளர்ந்தது என்பது நம் கருத்து. இந்துக்களின் சமயத்தைப் பற்றி இரண்டு பெரும் நூல்கள் எழுதியவர், முஸ்லிம்களைப் பற்றி அப்படியொன்றும் எழுதவில்லை. அவர்களிடம் கேட்டறிய என்ன இருக்கிறது என்று அவர் எண்ணினார் போலும். ஐரோப்பாவிலிருந்து நபி (ஸல்) அவர்களைப் பற்றிக் கொண்டுவந்த பழைய கருத்துகளே கைவசம் இருந்தன. தெரியாதவரை அறிய முயன்ற மனிதர், தெரிந்துவிட்டதாக எண்ணியவரை அறிய முயலவில்லை.

அன்றியும், கேள்வி பதில் வடிவம் நம்மவருக்குப் புதியதன்று. வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய ஆயிரமசலா, யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வினவி விடை பெற்று இஸ்லாத்தைத் தழுவியதாக அமைந்த நூல். கேட்பவரின் ஐயமே அங்கு நூலின் நடையைத் தீர்மானிக்கிறது. அத்தகைய நூல் வழங்கிய ஒரு சமூகத்தாரிடம், ஆயத்த விடைகளோடு சென்று அமர்ந்தவர் அதிகம் பெற்றிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த உரையாடல்கள் எவர் படிப்பதற்காக எழுதப்பட்டன? 1710 முதல் 1772 வரை ஹாலேயில் தொடர்ந்து அச்சான மிஷன் அறிக்கைகள், பணம் கொடுத்து உதவிய ஐரோப்பியப் பக்தர்களுக்கானவை. ஆகவே பாதிரியார் இரு முறை ஆளறிந்து உரைத்தார்: தெருவில் எதிரே நின்ற தமிழருக்கு ஏற்பத் தமிழில் ஒரு முறை, தொலைவில் வீட்டில் இருந்து படிக்கும் ஜெர்மானியருக்கு ஏற்ப ஜெர்மனில் ஒரு முறை. இரண்டாம் முறையில், எதிர்த்தரப்பார் வாயடைத்து நிற்பது போன்ற முடிவுகள் எளிதில் அமைந்துவிடும். நம் முன்னோர் அன்று சொன்ன பதில் நமக்குக் கிடைப்பது இந்தச் சல்லடை வழியாகவே. நாம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்தார்கள்.

ஆனால் அந்தச் சல்லடையிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. கேட்டறியக் கேட்டறிய, கேட்டவரின் மனத்திலும் மாற்றம் நேர்ந்தது. காட்டுமிராண்டிகளைக் காணப் போகிறோம் என்று கப்பலேறியவர், இவர்களிடம் ஒழுங்கான வாழ்வும் நூலறிவும் அறநெறியும் உண்டு என்று தம் நாட்டாருக்கு எடுத்தெழுதலானார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கிருந்த பெரியவர் பிராங்கே கருதினார். நூல் அச்சேறவில்லை. 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. 1711-இல் எழுதிய மற்றொரு நூல் 1926 வரை காத்திருந்தது. ஆளை அறிந்து பேசுக என்று அனுப்பியவர்களுக்கு, ஆளைப் பற்றிய அறிவு ஓர் அளவுக்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

ஆளறிந்து பேசுவது மரியாதையா, வலையா என்று நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. நம் விடை இதுதான்: கேட்ட பதில் தன் காரியத்துக்கு உதவாதபோதும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். சீகன்பால்கு இந்துக்களிடம் அவ்வாறு கேட்டுக்கொண்டே இருந்தார். நம்மிடம் அவ்வாறு செய்யவில்லை.

நம்மிடம் செய்தவர் ஒருவர் பின்னர் வந்தார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து 1798-இல் இறந்த சுவார்ட்சு ஐயர் அவர். திருச்சியில் நவாப் முஹம்மத் அலீயின் அவையினரோடும் படையினரோடும் பேச வேண்டியிருந்ததால் பார்ஸியும் உருதும் கற்றார். 1779-இல் சென்னையின் ஆங்கில ஆளுநர், ஹைதர் அலீயின் எண்ணத்தை அறிந்துவர இவரைத் தூது அனுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் சமயம் பற்றி எவரோடும் பேச இவருக்குத் தடை இருக்கவில்லை. விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தமதாக்கிக்கொள்ள மனமின்றிச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்று, முடிவில் தஞ்சையில் ஏழைச் சிறுவர் பள்ளிக்கு முதலாக்கினார். தூது பயன் தரவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1781 ஜூலை 1 அன்று நம் வெள்ளாற்றின் கழிமுகத்தருகே, பரங்கிப்பேட்டையில், ஹைதரின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அந்தப் போர்க்காலம் முழுவதும் சுவார்ட்சு ஐயரைத் தடுக்க வேண்டாம் என்று ஹைதர் தம் தளபதிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். ஆங்கிலேயரின் சொல்லை நம்பாத மன்னர், ஆங்கிலேயருக்காகத் தூது வந்தவரை நம்பினார்.

அதே போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, அரசாங்கத்தை நம்பி ஒரு மாடும் அனுப்ப மறுத்த உழவர்கள், விலை தருவதாக இவர் சொன்ன வாக்கை நம்பி ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளைத் தந்தனர். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சென்றது. இறக்கும் தறுவாயில் மன்னர் துளஜா தம் தத்துப்பிள்ளை சரபோஜியை இவரிடம் ஒப்படைத்தார். சுவார்ட்சு ஐயரின் வாழ்நாளில் அவருக்கு மிக நெருங்கிய மாணவர் அந்த இளவரசரே. சரபோஜி மன்னர் ஆசிரியருக்கு இங்கிலாந்திலிருந்து சலவைக்கல் நினைவுச்சின்னம் வரவழைத்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். ஆனால் 1832-இல் இறக்கும்வரை தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். அந்தச் சிற்பம் இன்றும் அங்குள்ளது. மரணப் படுக்கையிலிருக்கும் பாதிரியாரின் கையை இளவரசர் பற்றி நிற்கிறார்.

ஆட்கணக்கு மட்டும் பார்ப்போர்க்கு இவையெல்லாம் தோல்வியாகத் தோன்றலாம். சீகன்பால்கு விட்டுச்சென்ற சபை சில நூறு பேர்தான். பெருந்திரள் மாற்றம் தமிழகத்தில் நடந்தது வேறு வழியில்: 1799-இல் திருநெல்வேலிப் பகுதியில் முதலூர் என்னும் கிறித்தவ ஊர் அமைந்தது முதல், ஊரும் உறவுமாக மக்கள் சேர்ந்தனர். அங்கே தனி உரையாடலைவிட, மேல்சாதியாரின் ஒடுக்குதலிலிருந்து பாதுகாப்பு, நிலம், பள்ளிக்கூடம், உறவினரின் முன்மாதிரி ஆகியவையே கனமாக நின்றன. இஸ்லாமும் இந்நாட்டில் மேடை விவாதத்தால் பரவவில்லை. வணிகமும் மணவுறவும் நல்லோரின் அண்மையும் செய்த பணி அது.

விவாதம் என்றதும் ஆக்ராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மானியப் பாதிரியார் பிபாண்டர் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ இஸ்லாத்துக்கு மறுப்பாக 1835-இல் பார்ஸியில் வந்தது. யார் படித்தாலும் அதே நூல், அதே வாதம். வாசகர் துருக்கியரா, ஈரானியரா, தில்லி ஆலிமா என்ற வேறுபாடு அதற்கில்லை. 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவரை எதிர்கொண்டார். அவருக்குத் துணைநின்ற டாக்டர் வஸீர் கான் ஆங்கிலம் அறிந்தவர். விவிலியத்தின் மூலப்பிரதிகளைப் பற்றி ஐரோப்பியக் கிறித்தவ அறிஞர்களே எழுதிய ஆய்வு நூல்களைச் சேர்த்து வைத்திருந்தார். வேத வசனங்களில் பாடபேதங்கள் உண்டு என்று பிபாண்டர் சபையின் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அன்று ஆளறிந்து பேசியவர் பாதிரியார் அல்லர். மௌலானா பின்னர் எழுதிய ‘இள்ஹாருல் ஹக்’ நம் மத்ரஸாக்களில் அறியாதார் இலர். ஆனால் அந்நூலின் வாதங்களை மனனம் செய்வோர் மிகுந்த அளவுக்கு, எதிர்த்தரப்பின் நூல்களை அவர்களின் மொழியில் பயின்ற அந்த உழைப்பைப் பின்பற்றினோர் மிகவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற சுவடிகளும் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அவற்றில் முஸ்லிம்கள் பேசிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஜெர்மன் அறிந்த ஒருவரும் அகீதா அறிந்த ஒருவரும் சேர்ந்தமர்ந்து, எது நம்மவர் உண்மையில் சொல்லியிருக்கக்கூடியது, எது பாதிரியார் ஐரோப்பிய வாசகருக்காகச் சேர்த்தது என்று வரிவரியாகப் பிரித்துத் தமிழில் தர வேண்டும். மறுபுறம் பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் இருக்கும் அரபுத் தமிழ் ஏடுகளையும் குறிப்பேடுகளையும் செல்லரிப்பதற்கு முன் புரட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு அரபுக் கல்லூரிகள் முன்வந்தால் ஐந்தாண்டில் முடியக்கூடிய வேலை இது.